சார்லஸ் ஓகல்ட்ரீ: குற்றவாளிக் கூண்டின் பக்கம் நின்ற ஒரு கறுப்பின வக்கீல் வந்த வழி

கேட்டவர் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறார் என்று நினைக்கிறேன். கேள்வியின் சுருக்கம் இது: அமெரிக்காவில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு சம்பளத்தில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்கள் இருக்கிறார்களே, அவர்களில் கறுப்பின முன்னோடி என்று யாரைச் சொல்லலாம், அவருடைய பின்னணி என்ன, கொலை வழக்கிலும் பாலியல் வன்கொடுமை வழக்கிலும் அவர் எந்த மனதோடு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பில் நின்றார்? முதல் இரண்டுக்கும் பெயரும் ஆண்டும் சொன்னால் போதும். மூன்றாவதைத்தான் அவர் உண்மையில் கேட்க வந்தார் என்று படுகிறது. கடைசி வரியில் "நானும் சட்ட உதவி ஆணைக்குழு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று சேர்த்திருக்கிறார். ஆக, அமெரிக்காவைப் பற்றிக் கேட்டாலும் அவர் யோசிப்பது தன்னைப் பற்றி.

நான் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன். சட்ட உதவிப் பட்டியலில் பல வருடம் பெயர் இருந்ததால், கட்டணம் தர முடியாத எதிரிகளுக்காக நிறைய நின்றிருக்கிறேன். அமெரிக்க ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) முன்னால் நான் வாதாடியது கிடையாது. அந்த ஊர் விஷயங்களைத் தீர்ப்புகளிலும் சட்ட இதழ்களிலும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கீழே சொல்வதில் எது பதிவான செய்தி, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நான் தேர்ந்தெடுக்கும் பெயர் சார்லஸ் ஓகல்ட்ரீ. பராக் ஒபாமாவின் ஹார்வர்ட் பேராசிரியர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன்னால் அவர் வாஷிங்டன் டி.சி.யில் பப்ளிக் டிஃபெண்டராக இருந்தவர். அவருடைய மற்ற எல்லா வேலைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. "முதல் கறுப்பின பப்ளிக் டிஃபெண்டர்" என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அவருக்கு முன்பும் அவர் காலத்திலும் கறுப்பின வக்கீல்கள் அந்த வேலையில் இருந்தார்கள். முன்னோடி என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பதவியைப் பற்றிக் கொஞ்சம். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, கலிஃபோர்னியாவின் முதல் பெண் வக்கீலான கிளாரா ஃபோல்ட்ஸ், குற்றம் சாட்ட அரசு வக்கீல் வைத்திருக்கும்போது எதிரிக்கும் அரசே வக்கீல் வைத்தால் என்ன என்ற யோசனையை அங்கே பேசினார். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 1914-இல் அப்படி ஓர் அலுவலகம் வந்தது. நாடு முழுவதற்கும் அது கடமையானது 1963 மார்ச் 18-ஆம் தேதிதான். கிளாரன்ஸ் கிடியன் என்பவர் ஃபுளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடினார் என்று வழக்கு. வக்கீல் வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். பெரிய குற்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு மாநிலம் வக்கீல் தந்தே ஆக வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். சில மாதங்களில் மறுவிசாரணை. இந்த முறை ஓர் உள்ளூர் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். அதே வழக்கு, அதே முக்கிய சாட்சி. ஜூரி கிடியனை விடுதலை செய்தது. வக்கீல் இருந்தால் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் இந்த மறுவிசாரணையைத்தான் சொல்வேன்.

சரி, ஓகல்ட்ரீக்கு வருவோம். 1952 டிசம்பர் 31 அன்று கலிஃபோர்னியாவின் மெர்செட் ஊரில் பிறந்தார். சினிமாவில் பார்க்கும் கலிஃபோர்னியா இல்லை இது. கடற்கரையும் இல்லை, ஹாலிவுட்டும் இல்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், வயலும் பழத்தோட்டமுமாக இருக்கும் விவசாயப் பகுதி. பெற்றோர் தோட்டக் கூலிகள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரித்தது. கறுப்பர்களும் மெக்சிகோ வழி வந்தவர்களும் பெரும்பாலும் ஒரு பக்கம். சிறுவனாக இருக்கும்போதே அவரும் வயலில் வேலை செய்திருக்கிறார். பள்ளியில் மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் போனார்.

ஸ்டான்ஃபோர்டில் படித்த காலத்தில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972-இல் பக்கத்து ஊரான சான் ஹோசேயில் கறுப்பினச் செயற்பாட்டாளர் ஆஞ்சலா டேவிஸ் மீதான வழக்கு விசாரணை நடந்தது. கொலை, ஆள் கடத்தல், கூட்டுச் சதி என்று மரணம்வரை போகக்கூடிய குற்றச்சாட்டுகளோடு ஆரம்பித்த வழக்கு. அவரை விடுவிக்கக் கோரிய மாணவர் இயக்கத்தில் இருந்த ஓகல்ட்ரீ, நீதிமன்றத்துக்கே போய் விசாரணையைப் பார்த்தார். எதிரி தரப்பு மேசையில் ஹோவர்ட் மூர், லியோ பிரான்டன் என்ற கறுப்பின வக்கீல்கள். ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. ஜூன் 4 அன்று அந்த ஜூரி எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் டேவிஸை விடுதலை செய்தது. வெளியே கோஷம் போடுகிற கூட்டத்துக்கும் உள்ளே சாட்சியை ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துக் காட்டுகிற வக்கீலுக்கும் உள்ள தூரத்தை ஒரு மாணவன் அங்கே நேரில் பார்த்திருப்பான். அதுதான் அவரைச் சட்டத்துக்குத் திருப்பியது என்பது என் ஊகம். ஆனால் அந்த விசாரணை தன்னைப் பாதித்தது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

1974-இல் பட்டம், 1975-இல் அதே பல்கலைக்கழகத்தில் முதுகலை. அந்த ஆண்டே ஹார்வர்ட் சட்டப் பள்ளி. பாஸ்டன் பக்கம் அவர் போய் இறங்கிய நேரம் மோசமான நேரம். கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் படிக்க வைக்கப் பேருந்தில் பகுதி மாற்றி அனுப்ப வேண்டும் என்று 1974-இல் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1976 ஏப்ரலில் பாஸ்டன் நகர மன்றத்தின் எதிரே, டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வக்கீலை ஒரு வெள்ளை இளைஞன் அமெரிக்கக் கொடி கட்டிய கம்பத்தால் தாக்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. கோட் சூட் போட்டு, கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வக்கீல் அவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதல் வருடச் சட்ட மாணவராக ஓகல்ட்ரீ இருந்தார். கறுப்பினச் சட்ட மாணவர் சங்கத்தின் தேசியத் தலைவராகவும் ஆனார்.

1978-இல் பட்டம் வாங்கியதும் வாஷிங்டன் டி.சி.யின் பப்ளிக் டிஃபெண்டர் சர்வீஸில் சேர்ந்தார். ஹார்வர்ட் பட்டத்தோடு பெரிய கார்ப்பரேட் அலுவலகத்துக்குப் போயிருந்தால் சம்பளம் பல மடங்கு. அவர் போன அலுவலகத்துக்கும் ஒரு மரியாதை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960-இல் சட்ட உதவி முகமையாக ஆரம்பித்து, 1970-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இப்போதைய வடிவத்துக்கு வந்த அமைப்பு அது. மற்ற பல ஊர்களில் பப்ளிக் டிஃபெண்டர் என்றால் கையில் நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளோடு ஓடுகிற ஆள். இங்கே மட்டும் ஆளுக்கு இத்தனை வழக்குதான் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். கடுமையான வழக்குகளைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நீதிமன்றம் நியமிக்கும் தனி வக்கீல்களுக்கு விட்டார்கள். சம்பவ இடத்துக்குப் போய்ச் சாட்சி தேட அலுவலகத்துக்கே சொந்தமாகப் புலனாய்வாளர்கள் இருந்தார்கள். நம் ஊரில் எதிரி தரப்புக்கு அப்படி ஓர் ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. போலீஸ் போட்ட மாதிரி வரைபடத்தை வைத்துக்கொண்டு, தெருவிளக்கு எங்கே இருந்தது என்று நாம் குறுக்கு விசாரணையில் தடவிக்கொண்டிருப்போம். அவர்கள் ஆள் அனுப்பி அளந்து பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவரைக் கொலை வழக்கில் தள்ளிவிட மாட்டார்கள். முதலில் பல வாரப் பயிற்சி. அப்புறம் சிறார் வழக்குகள். அங்கே தேறிய பிறகே பெரிய வழக்குகள். கட்சிக்காரரை, அதாவது யாருக்காக வாதாடுகிறோமோ அவரை, முதலில் சந்திப்பது பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், கைது செய்தவர்களை அடைத்து வைத்திருக்கும் அறைக்கு வெளியே. கம்பிக்கு அந்தப் பக்கம் முந்தின நாள் பிடிபட்டவர், தூங்கியிருக்க மாட்டார், சாப்பிட்டிருக்கவும் மாட்டார். உங்களுக்குச் சில நிமிடம்தான் இருக்கும். குடும்பம், வேலை, முகவரி, ஜாமீனுக்கு யார் வருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு மேலே ஓட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சி-10 என்று சொல்லும் அறையில் நீதிபதி முன்னால் அடுத்தடுத்துப் பெயர் கூப்பிடுவார்கள். "வக்கீல் சார், நீங்க அரசாங்க ஆளா?" என்று நம் ஊர்ச் சிறையில் என்னைக் கேட்பார்கள். அங்கேயும் கட்சிக்காரர்கள் முதல் நாள் கேட்கிற கேள்வி அதேதான்: நீ நிஜ வக்கீலா, அவர்கள் அனுப்பிய ஆளா? சம்பளம் கொடுப்பது அரசு, குற்றம் சாட்டுவதும் அரசு. அந்தச் சந்தேகம் நியாயமானதே. அதை வாயால் போக்க முடியாது. ஜாமீன் மனுவிலும் முதல் சாட்சியின் குறுக்கு விசாரணையிலும்தான் போக்க முடியும்.

ஒரு கறுப்பின வக்கீலுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. அந்தக் காலத்து டி.சி. மக்கள்தொகையில் பத்தில் ஏழு பேர் கறுப்பர்கள். எதிரியும் கறுப்பர், செத்தவரும் கறுப்பர், ஜூரியில் பாதிக்கு மேல் கறுப்பர் என்பது அங்கே சாதாரணம். குற்றம் நடந்த தெருவிலேயே வக்கீலின் அத்தையோ சித்தப்பாவோ குடியிருக்கலாம். "நம்ம ஆளைக் கொன்றவனுக்கு நீயே வக்கீலா?" என்று சொந்த ஜனமே கேட்கும். வெள்ளை வக்கீலிடம் அந்தக் கேள்வியை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஓகல்ட்ரீ அங்கே வெறும் வழக்கு நடத்துகிறவராக நிற்கவில்லை. புதியவர்களைத் தயார்படுத்தும் பயிற்சி இயக்குநரானார், பிறகு துணை இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். 1985 வாக்கில் ஹார்வர்டில் கற்பிக்கப் போகும்போது அவர் கொண்டுபோனது இந்தப் பயிற்சி அனுபவத்தைத்தான்.

இப்போது மூன்றாவது கேள்வி. 1982-இல், அவர் டி.சி.யில் எதிரிகளுக்காக வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், கலிஃபோர்னியாவில் அவருடைய சகோதரி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சகோதரி ஒரு போலீஸ் அதிகாரி. இதை ஒரு முறை மெதுவாக யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் போலீஸ், இன்னொருவர் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் வக்கீல். போலீஸாக இருந்தவர் கொலையாகிறார். இறுதிச் சடங்கு முடிந்து திரும்பிய வக்கீலின் மேசையில் மறுபடி கொலை வழக்குக் கட்டு.

அவர் வேலையை விடவில்லை. ஆனால் எதுவும் ஆகாதது போலவும் நடிக்கவில்லை. 1993-இல் ஹார்வர்ட் லா ரிவ்யூ என்ற சட்ட இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பப்ளிக் டிஃபெண்டர்களைத் தாங்கிப் பிடிப்பது எது என்பதுதான் அதன் பொருள். சகோதரியின் கொலையை அதில் வெளிப்படையாகவே எழுதினார். சகோதரியைக் கொன்றவன் பிடிபட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும் என்ற ஆத்திரம் தனக்கு இருந்ததை மறைக்கவில்லை. அதே மனதோடு வன்முறைக் குற்றம் சாட்டப்பட்ட கட்சிக்காரரின் அருகில் போய் உட்கார முடிந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டுரையின் வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். சட்டக் கல்லூரியில் நமக்குச் சொல்லித்தருகிற பதில்கள் உண்டு. யாராக இருந்தாலும் நியாயமான விசாரணை வேண்டும், அரசு தன் வழக்கைத் தானே நிரூபிக்க வேண்டும், இன்று இவனுக்கு மறுத்தால் நாளை உனக்கும் மறுப்பார்கள். எல்லாம் சரியான பதில்கள். இவை இந்த வேலை ஏன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பிரேதப் பரிசோதனைப் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வக்கீல் மறுநாள் காலை ஏன் எழுந்து போக வேண்டும் என்பதை இவை சொல்வதில்லை. ஓகல்ட்ரீ அதற்கு இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, கட்சிக்காரரோடு உணர்வில் ஒன்றுவது. அவர் செய்ததை ஏற்பது இல்லை இது. அவர் எந்த வீட்டிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து, யாரிடம் அடிபட்டு அந்த இடத்துக்கு வந்தார் என்று உள்ளே போய்ப் பார்ப்பது. இரண்டாவது கொஞ்சம் கூச்சமான விஷயம், அதையும் அவர் ஒப்புக்கொண்டார்: நாயகன் என்ற உணர்வு. மொத்த அரசாங்கமும் ஒரு பக்கம், இந்த ஒற்றை ஆள் மறுபக்கம், நடுவில் நான் நிற்கிறேன் என்கிற கெத்து. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. இதை வெளியே சொன்னால் அகங்காரம் என்பார்கள். ஆனால் கிரிமினல் கோர்ட்டில் நின்ற எந்த வக்கீலைக் கேட்டாலும், நேர்மையாகப் பேசினால், இது தனக்கும் உண்டு என்பார். எனக்கு உண்டு.

அவரை முன்னோடி என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். கறுப்பர், ஏழை வீட்டுப் பிள்ளை, கொலையானவரின் சகோதரர், எதிரிகளின் வக்கீல் ஆகிய நான்கும் ஒரே ஆளாக இருந்து, "எப்படி முடிகிறது?" என்ற கேள்வியைத் தத்துவமாக ஒதுக்காமல் தன் மேலேயே போட்டுப் பார்த்தார். சட்ட இதழில் அப்படி எழுதுவது அன்று வழக்கமில்லை.

அந்த வாதம் முழுவதும் சரியா என்றால், அங்கே எனக்குத் தயக்கம் உண்டு. சட்ட அறிஞர்கள் மத்தியிலும் விவாதம் உண்டு. கட்சிக்காரர் மீது பரிவு வந்தால்தான் நன்றாக வாதாட முடியும் என்றால், பரிவே வராத கட்சிக்காரரின் கதி என்ன? சின்னக் குழந்தையைச் சிதைத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டு, உங்களிடமும் திமிராகப் பேசுகிறவருக்கும் அதே தரத்தில் குறுக்கு விசாரணை வேண்டும். அங்கே பரிவு கைகொடுக்காமல் போகலாம், தொழில் ஒழுக்கம்தான் கைகொடுக்கும். நாயக உணர்வுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஜெயிக்கிற வழக்கு கம்மி. அமெரிக்காவில் தண்டனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை. 2012-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தந்த கணக்கு, மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதம், மாநிலங்களில் 94 சதவீதம். நாயகனுக்கு மேடையே கிடைக்காத வேலை அது. இருபது வருடத் தண்டனையை ஏழாகக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கட்சிக்காரரின் அம்மாவுடைய முகத்தைப் பார்க்காமல் வெளியே வருகிற வேலைதான் பெரும்பாலும்.

இன்னொன்று, என் அனுபவத்தில் மனம் முதலில் வற்றுவது கட்டு அதிகமாகும்போதுதான். கொடூரமான வழக்கால் அவ்வளவு சீக்கிரம் வற்றுவதில்லை. 1973-இல் அமெரிக்காவில் ஒரு தேசிய ஆலோசனைக் குழு, பெரிய குற்ற வழக்கு என்றால் ஒரு வக்கீலுக்கு வருடத்துக்கு 150-க்கு மேல் கூடாது என்றது. ஐம்பது வருடம் அதையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். 2023-இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் அமெரிக்க வக்கீல் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கு ஒன்றுக்கே 286 மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டது. வருடம் முழுக்க வேலை செய்தாலும் அப்படி ஏழு வழக்குதான் ஒருவர் பார்க்க முடியும். ஓகல்ட்ரீயால் தன் கட்சிக்காரரின் வீட்டுக்குப் போய், அம்மாவோடு பேசி, பள்ளிக்கூட ரெக்கார்டு வரை தேட முடிந்தது என்றால், அவருடைய அலுவலகம் அவருக்கு நேரம் கொடுத்தது என்பதும் ஒரு காரணம். அவருடைய கட்டுரையைப் படித்து உருகுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஹார்வர்ட் காலத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். 1990-இல் அங்கே குற்றவியல் நீதிக்கான ஒரு மையத்தைத் தொடங்கினார். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் பாஸ்டன் வட்டார நீதிமன்றங்களில் ஏழைக் கட்சிக்காரர்களுக்காக நிஜமாகவே வாதாட வேண்டும். டி.சி. அலுவலகத்தின் பயிற்சி முறையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை வகுப்பு என்று ஒன்றையும் நடத்தினார். பெரிய இடத்துக்கு வந்து வாயடைத்துப் போயிருக்கும் கறுப்பின மாணவர்களுக்காக ஆரம்பித்தது, பிறகு எல்லோரும் வந்தார்கள். பராக் ஒபாமா, மிஷெல் ஒபாமா இருவரும் அவருடைய மாணவர்கள் என்பது உண்மை. "ஒபாமாவை உருவாக்கியவர்" என்பதெல்லாம் இரங்கல் கட்டுரைகளின் மிகை.

1991 அக்டோபரில், கிளாரன்ஸ் தாமஸை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும் விசாரணையில், அவர் மீது பாலியல் தொந்தரவு புகார் சொன்ன அனிட்டா ஹில்லுக்கு ஓகல்ட்ரீ வக்கீலாக நின்றார். அப்போது அவருக்கு ஹார்வர்டில் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அது 1993-இல்தான் ஆனது. வாழ்நாள் முழுக்கப் புகார் சொல்கிறவரைக் குறுக்கு விசாரணை செய்தவர், புகார் சொன்னவரின் பக்கம் உட்கார்ந்தார். ஹில் பொய் கண்டறியும் சோதனையில் தேறிவிட்டார் என்றும் அறிவித்தார். நீதிமன்றத்தில் அந்தச் சோதனையை அரசுத் தரப்பு கொண்டுவந்திருந்தால் முதலில் எழுந்து ஆட்சேபித்திருக்கக்கூடியவர் அவர்தான். செனட் விசாரணை நீதிமன்றம் இல்லை, ஜனங்கள்தான் ஜூரி என்று கணக்குப் போட்டிருப்பார். எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை.

ஓக்லஹோமாவின் டல்சாவில் 1921-இல் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் எரித்து, பலரைக் கொன்றது. அதில் தப்பியவர்களுக்காகவும் அவர்களுடைய வாரிசுகளுக்காகவும் 2003-இல் வழக்குப் போட்ட வக்கீல் குழுவுக்கு ஓகல்ட்ரீ தலைமை தாங்கினார். காலக்கெடு தாண்டிவிட்டது என்று 2004-இல் தள்ளுபடி, மேல்முறையீட்டிலும் அதே முடிவு, 2005-இல் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. 2009-இல் ஹார்வர்டின் கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸை அவருடைய சொந்த வீட்டு வாசலிலேயே போலீஸ் கைது செய்தபோது அவர் கூப்பிட்டது ஓகல்ட்ரீயைத்தான். சில நாளில் வழக்கு கைவிடப்பட்டது.

ஒரு கறையும் உண்டு, அதை விட்டுவிட்டுச் சொன்னால் பதில் முழுமையாகாது. 2004-இல் அவர் வெளியிட்ட ஒரு நூலில், யேல் பேராசிரியர் ஒருவர் பதிப்பித்த புத்தகத்திலிருந்து ஆறு பத்திகள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன, மேற்கோள் காட்டாமல். உதவியாளர்கள் கடைசி நேர அவசரத்தில் செய்த தவறு என்று விளக்கி, பொறுப்பைத் தானே ஏற்று மன்னிப்புக் கேட்டார். ஹார்வர்ட் விசாரித்து, கடுமையான தவறு என்றது. எத்தனையோ வேலையை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்ட ஆளுக்கு நடக்கக்கூடியது என்று எனக்குப் புரிகிறது. மாணவன் செய்திருந்தால் இவ்வளவு மென்மையாக விட்டிருப்பார்களா என்று அன்று கேட்டவர்களுக்கு என்னிடமும் பதில் இல்லை.

2016-இல் தனக்கு அல்ஜைமர் நோய் வந்திருப்பதை அவரே வெளியில் சொன்னார். 2023 ஆகஸ்ட் 4 அன்று, எழுபது வயதில் இறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் மெர்செட்டின் நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

"முதல்" என்ற பட்டம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் வேறு பெயர்களைத் தேடுங்கள். ஒவ்வொரு கவுன்டிக்கும் தனித்தனி அலுவலகம் என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முதல் ஆள் உண்டு. சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் 1988-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் ராண்டால்ஃப் ஸ்டோன். அவரும் டி.சி. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பழக்கினார். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன், பப்ளிக் டிஃபெண்டராக வேலை பார்த்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். 2005 முதல் 2007 வரை டி.சி.யின் மத்திய பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் இருந்தார். நியமன விசாரணையில் செனட்டர்கள் அவரைத் துருவியதைப் பார்த்திருப்பீர்கள். குவான்டானமோ ராணுவச் சிறையில் இருந்த கைதிக்கு ஏன் வாதாடினாய் என்பதும் அதில் ஒன்று. அந்தக் கேள்வி ஓகல்ட்ரீ காலத்தோடு போய்விடவில்லை.

கடைசியாக உங்கள் விண்ணப்பம் பற்றி. நம் நாட்டில் இலவச சட்ட உதவி பற்றிய அரசியலமைப்பின் 39-ஏ பிரிவும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தபின் பல காலம் பட்டியல் வக்கீல் முறைதான் இருந்தது. ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை, அதுவும் தாமதமாக. 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த எதிர்வாத வழக்கறிஞர் திட்டம் பப்ளிக் டிஃபெண்டர் முறையை ஒட்டியது. முழுநேர வேலை, மாத ஊதியம், தனிப்பட்ட வழக்கு எடுக்கக் கூடாது, வேலை ஒப்பந்த அடிப்படையில். விண்ணப்பியுங்கள். சேர்வதற்கு முன்னால் அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒருவரை டீ வாங்கிக்கொடுத்து மூன்று விஷயம் கேளுங்கள். இப்போது ஒருவர் கையில் எத்தனை செஷன்ஸ் வழக்கு இருக்கிறது? சிறைக்குப் போய்க் கட்சிக்காரரைப் பார்க்க வாரத்தில் நாள் ஒதுக்குகிறார்களா, இல்லை வாய்தா அன்று கூண்டுக்குப் பக்கத்தில்தான் முதல் பேச்சா? முதல் விசாரணையில் பக்கத்தில் உட்கார சீனியர் ஒருவர் வருவாரா? மூன்றாவதற்கு "வருவார்" என்று பதில் வந்தால், முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போய்ச் சேருங்கள்.